ஒரு வரிக் கதையும் அதனைக் கேட்கும் செவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், கதை வாசிப்புக் குழுவினர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

ஆண்டு விழா மேடையில் சங்கப் பாடல்களின் நயத்தைப் பற்றியோ, கம்பனின் கவித்திறத்தைப் பற்றியோ பேசுவதே மரபு. நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. அளந்து சொன்னால் ஒரே ஒரு வாக்கியம். திரைப்படத்துக்குக் கதை எழுத விரும்புவோர் தம் கதை முழுவதையும் ஒரு வாக்கியத்தில் அடக்கிச் சொல்கிறார்கள். கோடம்பாக்கத்தில் அதற்கு ‘ஒன்லைன்’ என்று பெயர்; ஹாலிவுட்டார் ‘லாக்லைன்’ என்பர். நாம் ஒரு வரிக் கதை என்றே அழைப்போம். அதனைக் கேட்கும் ஒருவர் எங்ஙனம் கருத்துரைத்தல் வேண்டும் என்பதே இன்று நாங்கள் பேச வந்தது.

இதற்கு இவ்வளவு பெரிய மேடையா என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் தவறில்லை. ஆயினும் சங்க நூலக அறையில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறன்று மாலையில் கூடும் எங்கள் குழுவைப் பார்த்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். ஓய்வுபெற்ற அரசு அலுவலர், மருத்துவமனைச் செவிலி, கல்லூரி மாணவர், வாடகைக் கார் ஓட்டுபவர் எனப் பலதிறத்தாரும் ஆளுக்கு ஒரு வாக்கியத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எழுதியவருக்கு அது ஆறு மாத நினைவு. கேட்பவருக்கு ஆறு வினாடிச் செய்தி. அந்த ஆறு வினாடியின் முடிவில் கேட்பவர் வாயிலிருந்து உதிரும் முதல் சொல்லைக் கொண்டே, எழுதியவர் வீட்டுக்குப் போய் மேலும் எழுதுவதா, தாளைக் கிழித்தெறிவதா என்று முடிவு செய்கிறார். நன்கு கற்றவர்களும் நல்லெண்ணம் உடையவர்களுமே இவ்விடத்தில் பெருந்தீங்கு இழைத்துவிடுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

முதலில் அளவுகோலைப் பற்றிச் சொல்லிவிடுவோம். அது புதியதன்று. சிறுவயதில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்ட எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் மூன்றுமே அது. யார்? எதனை நாடுகிறார்? என்ன செய்கிறார்?

எழுவாயில் தவறுவோர் பலர். “இன்றைய சமுதாயத்தின் அவலத்தைச் சுட்டிக்காட்டும் கதை” என்று ஒருவர் படிப்பார். சமுதாயம் என்பதற்கு முகம் இல்லை. அதனைப் படம்பிடிக்கும் கருவி இன்னும் வரவில்லை. “காதலின் மேன்மையை உணர்த்தும் கதை” என்பதும் அத்தகையதே. இவை கதையின் கருத்தாகலாம், கதையாகா. பயனிலையில் தவறுவோர் இன்னும் பலர். போராடுகிறான், சாதிக்கிறான், உணர்கிறான், மீள்கிறான் என்னும் நான்கு வினைச்சொற்களைத் தடைசெய்தால் எங்களிடம் வரும் வாக்கியங்களிற் பாதி வாயடைத்துப் போகும். போராடுகிறான் என்றால் என்ன செய்கிறான்? கடிதம் எழுதுகிறானா, கதவை உடைக்கிறானா, பட்டினி கிடக்கிறானா? அதனைச் சொன்னால் அன்றோ அவன் எத்தகையவன் என்று தெரியும்?

தமிழில் எழுதுவோருக்கென்றே தனியானதோர் இடர் உண்டு. அதனைச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறோம். நம் மொழி எச்சங்களில் வளம் மிக்கது. பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் அடுக்கிக்கொண்டே போகலாம். முற்றுவினை வரவேண்டிய கட்டாயம் இல்லாமலே ஒரு பக்கத்தை நிரப்பலாம். ஓர் இளைஞர் படித்த வாக்கியத்தை அவர் இசைவோடு இங்கே சொல்கிறோம்: “சிறுவயதிலேயே தந்தையை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்து, படித்துப் பட்டம் பெற்று, வேலை கிடைக்காமல் அலைந்து, காதலியையும் பறிகொடுத்த ஓர் இளைஞனின் வாழ்க்கை.” கேட்பதற்கு உருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் நோக்குங்கள்: இழந்தது, வளர்ந்தது, அலைந்தது, பறிகொடுத்தது எல்லாம் நடந்து முடிந்தவை. வாக்கியம் முடியும் இடத்தில் இளைஞன் வெறுமனே நின்றுகொண்டிருக்கிறான். படம் அந்த இடத்திலிருந்து அல்லவா தொடங்கவேண்டும்? ஆகவே, “தம்பி, இதற்கு ஒரு முற்றுவினை கொடுங்கள்” என்று மட்டும் சொன்னோம். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவர், காதலியின் திருமணத்துக்குச் சமையற்காரரோடு பரிமாறும் ஆளாகப் போய்ச் சேரும் இளைஞனோடு வந்தார். தந்தையும் மாமனும் பட்டமும் தாமாகவே விழுந்துபோயிருந்தனர்.

நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று வகுத்தார். அவற்றுள் மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்திறுதல் என்னும் மூன்றையும் நாங்கள் நூலக அறையின் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். திரைக்கதை பயிற்றும் அயல்நாட்டு நூல்களைத் தேடி அலைபவர்கள் இதனையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம்.

நிற்க. நல்ல வாக்கியம் எப்படியிருக்கும் என்று கேட்பீர்களாயின், 1962-இல் வெளிவந்த ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தைச் சுட்டுவோம். ஒரு மருத்துவர், தாம் முன்பு காதலித்த பெண்ணின் கணவனையே நோயாளியாக ஏற்று அறுவைச் சிகிச்சை செய்கிறார். இவ்வளவுதான். இதில் வில்லன் இல்லை, சதி இல்லை. ஆனால் மருத்துவர் வென்றாலும் ஒன்றை இழக்கிறார், தோற்றாலும் ஒன்றை இழக்கிறார். அந்தப் பெண்ணோ, தன்னை இழந்தவனிடமே தன் கணவனின் உயிரை ஒப்படைக்கவேண்டியிருக்கிறது. கணவனும் நல்லவன். மூவரில் எவரைப் பற்றி நினைத்தாலும் அடுத்த காட்சி நமக்குத் தானே தோன்றுகிறது. கல்யாண்குமார், தேவிகா, முத்துராமன் ஆகிய மூவரையும் பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே வைத்து முழுப் படத்தையும் நடத்திவிட முடிந்ததற்கு அந்த ஒரு வாக்கியத்தின் வலிமையே காரணம். அடுத்த ஆண்டே ஸ்ரீதர் அதனை ‘தில் ஏக் மந்திர்’ என்று இந்தியில் எடுத்தபோதும் வாக்கியம் மாறவில்லை.

வங்கத்திலிருந்து பம்பாய் வந்த பிமல் ராய் 1953-இல் எடுத்த ‘தோ பீகா ஜமீன்’ வேறொரு வகை. மூன்று மாதத்துக்குள் கடனைத் தீர்க்காவிடில் நிலம் பறிபோகும் என்ற நிலையில் ஓர் உழவன் கல்கத்தாவுக்குப் போய் ரிக்‌ஷா இழுக்கிறான். இங்கே வலிமை தருவது அந்த ‘மூன்று மாதம்’. அச்சொல்லை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். வறுமை மிஞ்சும், கதை மிஞ்சாது.

இனிக் கேட்பவரின் கடமைக்கு வருவோம். எங்கள் குழுவில் நடந்த ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கூறினால் விளங்கும்.

ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரத்தில் நெடுங்காலம் இருந்த மதராசி கேம்ப் என்னும் குடியிருப்பு, நீதிமன்ற ஆணையின்பேரில் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டதை இந்த அவையில் அறியாதார் இலர். மாற்று வீடு பெறத் தகுதியுடையோர் எனக் கொள்ளப்பட்ட குடும்பங்களுக்கு நரேலாவில் குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. ஏனையோருக்கு அதுவும் இல்லை. சில மாதங்கள் சென்றபின் ஓர் இளம்பெண் எங்கள் குழுவுக்கு வந்தார். அவர் படித்த வாக்கியம் இது: “தில்லியில் வீடிழந்த ஏழைத் தமிழர்களின் கண்ணீர்க் கதை, உண்மைச் சம்பவம்.”

அறையில் ஒரு கணம் அமைதி நிலவியது. பிறகு மூன்று வகையான கருத்துகள் வந்தன. பெரியவர் ஒருவர் கண்கலங்கி, “மிக அருமை அம்மா, கட்டாயம் எழுது” என்றார். அன்பான சொல்தான், ஆனால் அந்தப் பெண்ணுக்கு அதனால் ஒரு காற்புள்ளியும் கூடவில்லை. மற்றொருவர், “இதில் ஒரு காதலைச் சேர்த்து, இடிக்க வந்த அதிகாரியின் மகனையே கதாநாயகனாக்கிவிடலாம்” என்றார். அது அவர் எழுதவேண்டிய கதை. அந்தப் பெண் எழுத வந்த கதை அன்று. மூன்றாமவர், “சோகப் படம் ஓடாது” என்றார். அவர் கதையைக் கேட்கவே இல்லை. கொட்டகை வாயிலில் நின்று சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இத்தருணத்துக்கென்றே நாங்கள் வகுத்துக்கொண்ட முறை ஒன்று உண்டு. கேட்டவர் முதலில் தம் கருத்தைக் கூறாமல், தமக்கு விளங்கியதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அதன்படி செவிலி அம்மையார், “நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு விளங்கியது, பலர் அழுகிறார்கள் என்பது. அவர்களில் ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை” என்றார். அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார்” என்று தொடங்கினார்.

அதன்பின் நாங்கள் கேட்டவை எல்லாம் வினாக்களே. அந்த அக்கா என்ன வேலை செய்கிறார்? நிஜாமுத்தீன் பக்கம் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். அவருக்கு என்ன வேண்டும்? மகள் தமிழ்ப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை அவள் எழுதிவிட வேண்டும். தடை யாது? கிடைத்த வீடு முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால். வீட்டை வேண்டாம் என்றால்? தலைக்கு மேல் கூரை இல்லை. வீட்டுக்குப் போனால்? மகளின் பள்ளியும் தாயின் நான்கு வீட்டு வேலையும் போய்விடும். இவ்வளவையும் அவர் முன்னமே அறிந்திருந்தார். அவரது வாக்கியத்தில் மட்டுமே அவை இல்லை.

அடுத்த மாதம் வந்த வாக்கியம்: “தொலைதூரத்தில் வீடு பெற்ற ஒரு தாய், மகளின் படிப்புக்காகப் போராடுகிறாள்.” எழுவாய் வந்துவிட்டது, பயனிலையோ அந்தப் பழைய ‘போராடுகிறாள்’. “கையால் என்ன செய்கிறாள்?” என்று கேட்டோம். அதற்கடுத்த மாதம் வந்தது இது: “குடிசை இடிக்கப்பட்டு நகரின் மறுகோடியில் வீடு பெற்ற வேலைக்காரி ஒருத்தி, மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்வரை, தான் பாத்திரம் துலக்கும் வீட்டின் பூட்டிக் கிடக்கும் பர்சாத்தியில் எசமானிக்குத் தெரியாமல் அவளைக் குடிவைக்கிறாள்.”

பர்சாத்தி என்றால் தில்லிவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து விழாவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்காகச் சொல்கிறோம், மொட்டைமாடியில் உள்ள ஒற்றை அறை. அந்த வாக்கியம் படிக்கப்பட்டபோது, “சோகப் படம் ஓடாது” என்ற அன்பர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “மழைக்காலத்தில் எசமானி துணி எடுக்க மாடிக்கு வந்தால்?” என்று கேட்டார். கதை அவருக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. மற்றொருவர் வாய் திறக்கவில்லை. தம் வீட்டு மாடிச் சாவி எங்கே மாட்டியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தாரோ என்னவோ! இம்மூன்றாம் வாக்கியத்தில் நாங்கள் சேர்த்துக் கொடுத்த சொல் ஒன்றேனும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

கருத்துரைகளிலெல்லாம் கொடியது ஒன்று உண்டு. “இது ஏற்கெனவே வந்துவிட்டதே!” என்பதுதான் அது. கேட்பவருக்குத் தம் சினிமா அறிவைக் காட்டிக்கொள்ள எளிய வழி. எழுதியவருக்கோ கழுத்தில் விழும் கத்தி. தில்லித் தமிழ்ப் பெண்ணும் பஞ்சாபிப் பையனும் காதலிக்கும் கதை எங்கள் குழுவுக்கு ஆண்டுக்கு இருமுறையேனும் வரும். உடனே யாராவது 2014-இல் வந்த ‘2 ஸ்டேட்ஸ்’ படத்தின் பெயரைச் சொல்வார். அவருக்கு நாங்கள் இவ்வூரில் நடந்த பழைய வழக்கொன்றை நினைவூட்டுவது வழக்கம்.

கட்டடக் கலைஞரும் நாடகாசிரியருமான ஆர். ஜி. ஆனந்த் என்பார் ‘ஹம் இந்துஸ்தானி’ என்றொரு நாடகம் எழுதி 1954-இல் தில்லியில் மேடையேற்றினார். பஞ்சாபிக் குடும்பமும் மதராசிக் குடும்பமும் அண்டை வீட்டார். இரு வீட்டுப் பிள்ளைகளும் காதலிக்கிறார்கள். மாகாணப் பற்று குறுக்கே நிற்கிறது. டைரக்டர் மோகன் சேகல் 1955-இல் தில்லிக்கு வந்தபோது ஆனந்த் அவருக்கு நாடகத்தைப் படித்துக் காட்டினார். 1956-இல் மோகன் சேகலின் ‘நியூ டெல்லி’ படம் வெளிவந்தது. அதில் கிஷோர் குமார் பஞ்சாபி இளைஞர். தம் மாகாணத்தாருக்கே வீடு கொடுப்போம் என்று எல்லாரும் கைவிரிக்க, தென்னாட்டார் வேடம் பூண்டு குடிபுகுகிறார். வைஜயந்திமாலா தமிழ்ப் பெண். ஆனந்த் வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் தோற்று, உச்ச நீதிமன்றம்வரை சென்றார். 1978-இல் அங்கும் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. கருவும் கருத்தும் எவருக்கும் தனியுடைமை ஆகா. அவை உருப்பெற்ற முறைக்கே உரிமை உண்டு. ஒரே கருவை இருவர் வேறுவேறாக வளர்த்திருந்தால் அது திருட்டு ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பை நாங்கள் இருவகையாகப் படிக்கிறோம். கருத்துரைப்பவருக்கு அது சொல்வது: வாக்கியம் ஒன்றாயிருப்பதாலேயே படம் ஒன்றாகிவிடாது, எனவே ‘வந்துவிட்டது’ என்று சொல்லுமுன், “உங்கள் பையன் வீடு பிடிக்க என்ன செய்கிறான்?” என்று கேளுங்கள். எழுதுபவருக்கு அது சொல்வது அத்துணை இனிதன்று. ஒற்றை வாக்கியத்துக்குச் சட்டத்தின் காவல் இல்லை. நம்பிப் படித்துக் காட்டியதை மற்றொருவர் எடுத்து வேறு வகையில் வளர்த்துக்கொண்டால், படித்துக் காட்டியவர் பெரும்பாலும் வாளா இருக்க வேண்டியதுதான். 2018-இல் ‘சர்க்கார்’ படம் வெளிவருமுன் எழுந்த பிணக்கு உங்களுக்கு நினைவிருக்கும். தன் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டதைக் காணும் ஒருவன் என்னும் கருவைத் தாம் முன்பே எழுத்தாளர் சங்கத்தில் பதிந்துவைத்திருந்ததாக ஓர் எழுத்தாளர் முறையிட்டார். சங்கத் தலைவராயிருந்த கே. பாக்கியராஜ் இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு என்றார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்று சமரசத்தில் முடிந்தது. பதிந்துவைத்தவருக்கே இவ்வளவு அலைச்சல் என்றால், நூலக அறையில் நம்பி வாய்விட்டுப் படிப்பவரின் நிலை என்ன? ஆகவே எங்கள் அறையில் கேட்ட வாக்கியம் அறையை விட்டு வெளியே போவதில்லை. இன்று நாங்கள் சொன்னவையும் எழுதியவர்களின் எழுத்துமூலமான இசைவு பெற்றே சொல்லப்பட்டன.

சிறியதோர் விதியையும் கூறிவிடுகிறோம். வாக்கியத்தை எழுதியவர் படிக்கக் கூடாது. மற்றொருவர் உணர்ச்சியின்றிப் படிக்க வேண்டும். ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை 1964 முதல் இன்றுவரை தமிழர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். பாலையா அஞ்சி நடுங்கியது கதையைக் கேட்டன்று. கதவு கிறீச்சிடுவதும் காற்று வீசுவதுமான நாகேஷின் ஓசைகளைக் கேட்டே. கோடம்பாக்கத்துக் கதை விவாதங்களில் இன்றும் பல கதைகள் இவ்வாறே தேறிவிடுவதாகக் கேள்விப்படுகிறோம். குரலை நீக்கிவிட்டால் மிஞ்சுவது எதுவோ அதற்கே நாங்கள் கருத்துரைக்கிறோம்.

ஒரு கதையை மறுப்பதற்கும் முறை உண்டு. ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசனிடம் அவருடைய கதை இலாகாவினர் சந்திரலேகா என்னும் துணிச்சல்காரியின் கதையைச் சொன்னார்கள். கொள்ளைக்காரனின் மூக்கை அறுத்து மிளகாய்ப் பொடி தூவுகிறாளாம் அவள். அந்தக் கொடுமை வாசனுக்குப் பிடிக்கவில்லை; கதையை ஒதுக்கினார். ஆனால் அப்பெயரில் ஏதோ உயிர் இருப்பதைக் கண்டு அதனை மட்டும் வைத்துக்கொண்டார். பின்பு அவ்விலாகாவைச் சேர்ந்த வேப்பத்தூர் கிட்டு, ரெயினால்ட்ஸின் ஆங்கில நாவலொன்றில் கண்ட காட்சியிலிருந்து வேறொரு கதையை வளர்த்துத் தந்தார். 1948-இல் ‘சந்திரலேகா’ வெளிவந்தது. வேண்டாததைச் சொல்லும்போதே எது வேண்டும் என்றும் சொல்லக்கூடிய முதலாளி வாய்த்தது அந்த இலாகாவினரின் நற்பேறு. எங்கள் குழுவிலும், ஏற்க முடியாத வாக்கியத்தில் உயிருள்ள ஒரு சொல்லையாவது வட்டமிட்டே தாளைத் திருப்பித் தருகிறோம். வட்டமிட ஒன்றும் அகப்படாத நாளும் உண்டு. அன்று பொய்யாக வட்டமிடுவதில்லை.

பர்சாத்திக் கதையை எழுதும் பெண் இப்போது நாற்பது பக்கம் எழுதி முடித்திருக்கிறார். எசமானி மாடிக்கு ஏறி வந்துவிட்டாள். மகள் கதவுக்குப் பின்னால் புத்தகத்தோடு நிற்கிறாள். அதற்குமேல் அவர் இன்னும் எழுதவில்லை. எசமானி தமிழச்சியாக இருக்க வேண்டுமா, வேறு மாநிலத்தவளாக இருக்க வேண்டுமா என்று எங்களைக் கேட்டார். யாராயிருந்தால் உங்களுக்கு எழுதக் கடினமாக இருக்கும் என்று திருப்பிக் கேட்டோம். அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. வருபவர்கள் ஒரு வாக்கியத்தை ஒரு தாளில், பெயர் எழுதாமல், தெளிவான எழுத்தில் கொண்டுவருமாறு வேண்டுகிறோம். கதை இல்லாதவர்களும் வரலாம். கேட்பதற்கு ஆள் எப்போதும் குறைவாகவே இருக்கிறது.